நான்காம் வேற்றுமையில் ஓர் ஊழியர்

“விடுதியில் தங்கியுள்ள ஊழியர்களுக்கு மூன்று வேளை உணவு வழங்கப்படுகிறது.”

எடுத்துக்காட்டுக்காக எழுதிய வாக்கியம்தான். ஆனால் செய்தி வாசிக்கிற எவருக்கும் பழகிய ஓசை. இதில் பொய் கிடையாது, வசை கிடையாது. வழங்குவது யார் என்பதும் கிடையாது. சாப்பிட்டவர் சாப்பாட்டைப் பற்றி என்ன சொன்னார் என்பதும் கிடையாது. ஊழியர் ‘கு’ உருபோடு கைநீட்டி நிற்கிறார், அவ்வளவுதான். சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர்கள் ஊடகத்தில் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று ஆராயக் கிளம்புபவர்கள் முதலில் தவறவிடுவது இந்தக் ‘கு’வைத்தான். ஒவ்வொரு செய்தியிலும் எது எப்படி வருகிறது என்று குறித்து எண்ண அவர்கள் கையில் வைத்திருக்கும் குறியீட்டுத் தாள் ஆங்கிலச் செய்திக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அதைத் தமிழுக்கு மாட்டிவிட்டால் தோளும் பொருந்தாது, கையும் பொருந்தாது.

இறுதியாண்டு ஆய்வு செய்யும் தொடர்புத்துறை மாணவர்களுக்கும், ஊழியர் நலனில் ஈடுபட்டுள்ள தொண்டூழியர்களுக்கும் பயன்படட்டும் என்று இந்த வேலையின் படிகளையும், இடறும் இடங்களையும் இங்கே வைக்கிறோம்.

முதலில் கேள்வி. ‘தமிழ் ஊடகம் ஊழியர்களை எப்படிக் காட்டுகிறது?’ என்று தொடங்கினால் மூன்றாவது மாதத்தில் மூச்சு வாங்கும். கோ. சாரங்கபாணி 1935ல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழும் ஊடகம்தான், வசந்தம் தொலைக்காட்சி நாடகமும் ஊடகம்தான், ஒலி 96.8 வானொலியும் ஊடகம்தான், விடுதிக் கட்டிலில் படுத்தபடி ஒருவர் போடும் டிக்டாக்கும் ஊடகம்தான். ஒன்றை எடுங்கள், ஒரு காலத்தைக் கட்டுங்கள், ஒரு வினைச்சொல்லில் கேள்வியை முடியுங்கள். ‘நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் ஒரு நாளிதழின் ஊழியர் செய்திகளில் எத்தனையில் ஊழியர் தம் சொந்தச் சொல்லில் பேசுகிறார்?’ என்றால் அது எண்ணக்கூடிய கேள்வி.

காலத்தைக் கட்டும்போதே ஒரு சிக்கல் வரும். கொவிட்-19 பரவலைத் தடுக்கச் சிங்கப்பூர் முடங்கியிருந்த முறியடிப்புக் காலம் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, 56 நாள், சரியாக எட்டு வாரம். கணக்கு அழகாக இருக்கிறதே என்று அப்படியே எடுத்துவிடுவார்கள். ஆனால் பொங்கோல் எஸ்11, தோ குவான் வெஸ்ட்லைட் விடுதிகள் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டது ஏப்ரல் 5. ஏப்ரல் 7ல் தொடங்கினால் கதையின் முதல் பக்கமே கிழிந்துபோகும். ஏப்ரல் 5லிருந்து எடுத்தால் 58 நாள், அப்போது வாரக் கிழமைகள் சமமாக வராது. வார இறுதியில் நீண்ட கட்டுரைகள் வரும், வார நாளில் அறிக்கைச் செய்திகள் வரும் என்பதால் கிழமைச் சமநிலை முக்கியம். ஆகவே ஒரு வாரம் முன்னே போய் மார்ச் 31 செவ்வாய்க்கிழமையிலிருந்து எடுங்கள். 63 நாள், ஒன்பது முழு வாரம்.

ஓர் ஆண்டு முழுவதையும் எடுப்பவர்களுக்கு, ஒவ்வொரு கிழமைக்கும் இரண்டு நாளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து இரண்டு ‘கட்டிய வாரம்’ அமைத்தால் போதும் என்ற வழக்கம் பாடநூல்களில் உண்டு. 1993ல் அமெரிக்க நாளிதழ் ஒன்றை வைத்துச் சோதித்துச் சொன்னது அது. நாளிதழின் பொதுவான உள்ளடக்கத்துக்குப் பொருந்தும். ஊழியர் செய்தி போல எப்போதாவது வருவதற்குப் பொருந்தாது. 14 இதழைப் புரட்டிவிட்டு நான்கு செய்தியோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

அடுத்தது சேகரிப்பு. தமிழில் தேடுவது தனிக் கலை. ‘ஊழியர்’ என்று தட்டினால் வங்கி ஊழியர், அரசாங்க ஊழியர், மருத்துவமனை ஊழியர் எல்லாரும் வருவார்கள். ‘ஊழிய’ என்று குறுக்கினால் தேவாலய ஊழியமும் சேர்ந்துகொள்ளும். ‘ழியர்’ என்று குறுக்கினால் தொண்டூழியர்கள் படையெடுப்பார்கள். பழைய இதழ்ப் படங்களைக் கணினி எழுத்தாக்கும்போது ‘ஊ’வை ‘உள’ என்று படித்துவிடும், அப்போது ‘உளழியர்’ என்று தேடினால்தான் கிடைக்கும். விடுதிக்கும் இதே பாடு: தங்கும் விடுதி, தங்குவிடுதி, வெறும் விடுதி, டார்மிட்டரி. நோய்க்கு கொவிட்-19, கொரோனா, கிருமித்தொற்று. இவை கண்ணுக்குத் தெரியும் சிக்கல்கள். தெரியாத ஒன்று உண்டு. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடும்போது ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளாது. எல்லாக் கோப்பையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடத் தொடங்குங்கள். பழைய பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் புரியாத குறிகளாக ஒட்டினால் அது யூனிகோடுக்கு முந்திய எழுத்துரு. அதற்கு மாற்றி வேண்டும், அல்லது கையால் தட்ட வேண்டும்.

தேடல் சரியா என்று பார்க்க இரண்டு சோதனை. கிடைத்தவற்றில் 50ஐ எடுத்துப் படித்து எத்தனை உண்மையில் பொருந்துகின்றன என்று பாருங்கள். பிறகு மூன்று நாள் இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கண்ணால் புரட்டி, தேடலில் சிக்காமல் போனவை எத்தனை என்று பாருங்கள். எல்லாரும் முதல் சோதனையோடு நிறுத்திவிடுவார்கள். ஆய்வைக் கவிழ்ப்பது இரண்டாவதில் தெரியவரும் ஓட்டைதான். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணைய இதழ்க் காப்பகத்தில் தேடினாலும் இதே விதிதான்.

இப்போது குறியீட்டுத் தாள். தேதி, பக்கம், நீளம், செய்தியாளர் பெயர் உண்டா, படம் உண்டா என்ற முதல் நிரல்கள் எளிது. யார் பேசுகிறார் என்ற நிரலில் அமைச்சு, முதலாளி, விடுதி நடத்துநர், மருத்துவர், நல அமைப்பு, ஊழியர், பொதுமக்கள் என்று பிரித்துவிடலாம். நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது அதற்கப்புறம் வரும் இலக்கணப் பகுதி. தமிழ் தாராளமாகத் தகவல் தருவது அங்கேதான்.

ஊழியரைச் சுட்டும் சொல் எந்த வேற்றுமையில் நிற்கிறது என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். எழுவாயாக நின்றால் ஏதோ செய்கிறார். ‘ஐ’ ஏற்றால் அவரை ஏதோ செய்கிறார்கள். ‘கு’ ஏற்றால் அவருக்கு ஏதோ கொடுக்கிறார்கள். ‘ஆல்’ ஏற்றால், ‘ஊழியர்களால் பரவியது’ என்பதுபோல, பெரும்பாலும் ஒரு வினைக்குக் காரணமாக நிறுத்தப்படுகிறார். ஒரு செய்தியில் ஊழியர் பன்னிரண்டு முறை வருகிறார், அதில் ஒன்பது முறை ‘கு’ என்றால் அந்தச் செய்தி எத்தனை கனிவாக எழுதப்பட்டிருந்தாலும் அவரைப் பெறுநராக மட்டுமே பார்க்கிறது. ஆங்கிலத் தாளில் இதற்கு ‘நேர்மறைச் செய்தி’ என்று ஒரு டிக் விழுந்திருக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தமிழில் பசி, தூக்கம், கோபம், ஆசை எல்லாமே ‘கு’வில்தான் வரும். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பவர் பெறுநர் அல்ல, அனுபவிப்பவர். ‘ஊழியர்களுக்கு முகக்கவசம் தரப்பட்டது’ வேறு, ‘ஊழியர்களுக்கு ஊர் நினைப்பு வந்தது’ வேறு. ‘கொடை’ என்று ஒன்று, ‘உணர்வு’ என்று ஒன்று, இரண்டு குறியாகப் பிரிக்காவிட்டால் மிக நல்ல செய்திகள் மிக மோசமானவற்றோடு ஒரே பெட்டியில் விழும்.

செயப்பாட்டு வினையும் அப்படித்தான். தனிமைப்படுத்தப்பட்டனர், இடமாற்றப்பட்டனர், பரிசோதிக்கப்பட்டனர். செய்தவர் மறைந்துவிடுகிறார், ஆகவே எண்ண வேண்டியதுதான். ஆனால் கணினியிடம் ‘ப்பட்ட’ என்று தேடச் சொன்னால் வேதனைப்பட்டார், ஆசைப்பட்டார், கஷ்டப்பட்டார் எல்லாம் வந்து குவியும். அவை செயப்பாட்டே அல்ல. அதுவும் ஊழியர் மனம்விட்டுப் பேசும் செய்திகளில்தான் இவை நிறைய வரும். கணினி எண்ணிக்கையை அப்படியே நம்பியவருக்கு, ஊழியர் பேசும் செய்திதான் ஊழியரை அதிகம் முடக்குகிறது என்று தலைகீழான முடிவு கிடைக்கும். சிரிக்கத் தோன்றும், ஆனால் சமர்ப்பிக்கும் நாளில் கண்டுபிடித்தால் சிரிப்பு வராது.

மூன்றாவதாக, திணை. 2020 ஏப்ரல் 20 அன்று சிங்கப்பூரில் ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிவாசிகள். இதை ‘1,426 பேர்’ என்று எழுதலாம், ‘1,426 சம்பவங்கள் பதிவாயின’ என்றும் எழுதலாம். முதலாவது உயர்திணை, இரண்டாவது அஃறிணை. தினசரி எண்ணிக்கையே அப்போது ‘சமூகத்தில்’ இத்தனை, ‘விடுதிகளில்’ இத்தனை என்று இரண்டாகப் பிரிந்து வந்தது. விடுதி சமூகத்துக்கு வெளியே இருக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அட்டவணை சொல்லியது. அறிக்கையின் சொல்லை நாளிதழ் அப்படியே தமிழாக்கியதா, மாற்றி எழுதியதா என்று ஒரு நிரல் வையுங்கள். இல்லாவிட்டால் அறிக்கை எழுதியவரின் பழி மொழிபெயர்த்தவர் தலையில் விழும்.

மரியாதை விகுதியை மறக்க வேண்டாம். குற்றச் செய்தியில் ‘ஆடவர்’ எப்போது ‘ஆசாமி’ ஆகிறார், ‘இல்லப் பணிப்பெண்’ எப்போது ‘வேலைக்காரி’ ஆகிறார் என்பதற்கு ஆங்கிலத் தாளில் இடமே கிடையாது. பெயரிடுவதில் நான்கு படி போதும்: முழுப்பெயர், பெயரும் வயதும், நாடு மட்டும், வெறும் எண்ணிக்கை.

குறியிட இரண்டு பேராவது வேண்டும், தனித்தனியாக. ஒருவர் இங்கே பிறந்து வளர்ந்தவராகவும் மற்றவர் தமிழகத்திலிருந்து வந்தவராகவும் இருந்தால் நல்லது. ‘ஊர்க்காரன்’ என்ற சொல் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு காதுக்கு உறவாகவும் இன்னொரு காதுக்குக் குத்தலாகவும் கேட்கும். இருவரும் ஒரே பக்கத்தவராக இருந்தால் அந்த வேறுபாடு தாளிலேயே ஏறாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடுதான், ஆகவே இங்கு வளர்ந்த இளையருக்குச் செய்தித் தமிழ் மெதுவாகவே ஓடும். தொடக்கத்தில் ஒரு செய்திக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் 15க்கு மேல் வேண்டாம், மாலையில் எல்லாம் ‘இல்லை’ என்றே விழும்.

இருவர் ஒப்புமையைக் கணக்கிடும்போது விழுக்காட்டை நம்பாதீர்கள். 100 செய்தி இருக்கிறது. ‘ஊழியர் நேரடியாகப் பேசுகிறாரா’ என்பதற்கு முதலாமவர் ஐந்தில் ‘ஆம்’ என்கிறார், இரண்டாமவரும் ஐந்தில்தான். ஆனால் இருவரும் சேர்ந்து ‘ஆம்’ என்றது ஒன்றே ஒன்றில். 91ல் இருவரும் ‘இல்லை’. ஆக 92 விழுக்காடு ஒப்புமை, கேட்கப் பிரமாதம். இதே தரவுக்கு, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு அளக்கும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா போட்டால் 0.16. வழக்கமாக 0.80 வேண்டும், தற்காலிக முடிவுக்குக் குறைந்தது 0.667. ஊழியர் பேசும் செய்திகள் அரிது என்பதால், அரிதானதைக் கண்டுபிடிப்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்களா என்பதுதான் கேள்வி. ஆல்ஃபா குறைந்தால் குறியிட்டவர்களைத் திட்டாமல், குறியிடும் விதிகள் எழுதிய கையேட்டைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி ‘என்றார்’ இல்லாத மறைமுகக் கூற்றுதான்: ‘தாம் நலமாக இருப்பதாக ஊழியர் தெரிவித்தார்’ பேச்சா, இல்லையா? ஏதாவது ஒன்றை முடிவுசெய்து, எடுத்துக்காட்டோடு கையேட்டில் எழுதி, பழைய செய்திகளையும் மறுபடி குறியிட வேண்டும். புதியவற்றுக்கு மட்டும் புது விதி போடுவது எளிய வழி, தரவைக் கெடுக்கும் வழியும் அதுவே.

செய்திச் சட்டகத்துக்கு, அதாவது ஒரு நிகழ்வைச் செய்தி எந்தக் கோணத்தில் வைக்கிறது என்று பார்ப்பதற்கு, அமெரிக்கத் தொடர்பியல் அறிஞர் ராபர்ட் என்ட்மன் 1993ல் வகுத்த நான்கு கேள்வி இன்றும் கைகொடுக்கிறது: எது பிரச்சினை, எது காரணம், யார் மீது நியாயத்தீர்ப்பு, எது தீர்வு. 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில் தனியார் பேருந்தில் சிக்கி ஊழியர் ஒருவர் இறந்தபின் மூண்ட கலவரத்தை எடுங்கள். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு மதுவை முக்கியக் காரணிகளில் ஒன்றாகக் குறித்தது. வேலை, வாழ்க்கை நிலைமை மீதான அதிருப்தி காரணம் என்பதை ஏற்கவில்லை. 2015 ஏப்ரல் 1ல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது, லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. காரணம் என்று எது நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் தீர்வு வரும். ஆகவே ‘காரணம்’ நிரலில் என்ன காரணம் என்பதோடு, அதை அந்தச் செய்தியில் யார் வாய் சொல்கிறது என்றும் குறியுங்கள். முதல் வாரத்துச் செய்திகளையும் அறிக்கைக்குப் பிந்தியவற்றையும் கலக்காதீர்கள். முதல் வாரத்தில் எல்லாருமே ஊகிக்கிறார்கள்.

தொலைக்காட்சிக்குக் காட்சி வாரியாக எண்ணி, பேசும் வினாடியை நிறுத்தற்கடிகாரத்தில் அளந்தால் போதும். எண்ணிக்கையின் எல்லையைக் காட்ட 2019 ஜூலையில் வந்த மின்னியல் பணம் செலுத்தும் சேவை விளம்பரம் ஒன்றே போதுமானது. ஒரே சீன நடிகர் பல இனத்தவராக வேடமிட்டார், இந்திய ஆணாக வரும்போது தோல் கருமையாக்கப்பட்டிருந்தது. முகங்களை மட்டும் எண்ணும் தாளில் ‘இந்தியர்: 1’ என்று விழும்.

இனி ஊழியர்களிடம் போவது. இதைக் கடைசி அத்தியாயத்துக்கு வைக்கிறார்கள், அங்கேதான் தவறு. தொடர்புத்துறைப் பேராசிரியர் மோகன் தத்தா 2012ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 2018ல் நியூசிலாந்தின் மாஸி பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோன ‘கேர்’ ஆய்வு மையத்தின் அடிப்படை இதற்கு நேரெதிர். எது பிரச்சினை என்பதையே விளிம்பிலிருப்பவர்கள் கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டும், ஆய்வாளர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ‘குரலற்றவர்களின் குரல்’ என்று நம் மேடைகளில் முழங்குகிறோமே, அதை இந்த அணுகுமுறை ஏற்பதில்லை. குரல் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தேக்கா திடலுக்குப் போனால் காதைப் பிளக்கும். கேட்பதற்கான ஏற்பாடுதான் இல்லை.

நடைமுறையில் இது தாளை மாற்றும். சுகாதாரம், குற்றம், பொருளாதாரம், நன்கொடை என்று நாம் போட்ட தலைப்புகளோடு போனால், அவர்கள் பேசுவது விடியுமுன் சமைத்துக் கட்டி மதியம் திறக்கும்போது ஊசிப்போயிருக்கும் கேட்டரிங் சாப்பாட்டை, ஏஜெண்டுக்குக் கட்டிய கடனை, லாரிக்குப் பின்னால் நனைந்துகொண்டு வருவதை. நம் தாளில் இவையெல்லாம் ‘பிற’ என்ற பெட்டிக்குள் போகும். ‘பிற’ பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் தலைப்புகளைத் திரும்பப் போடுங்கள்.

முதலாளி மூலமோ மேற்பார்வையாளர் மூலமோ ஆள் கேட்காதீர்கள். வருவார்கள், ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்’ என்பார்கள், போவார்கள். வேலை அனுமதிச் சீட்டை முதலாளி ரத்து செய்ய முடியும் என்பது அவர்கள் தலைக்குமேல் எப்போதும் தொங்குகிறது. ஞாயிறு காலை, ஓய்வுநாளில், ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். சமையலும் துணி துவைப்பும் ஊருக்குப் பேசுவதும் அதே நாளில்தான் என்பதால் அதற்குமேல் இழுக்கக் கூடாது. கையொப்பம் கேட்டால் முகம் மாறும். புரியாத தாள்களில் கையெழுத்திட்டுப் பட்டவர்கள் அவர்களில் பலர். பல்கலைக்கழக ஆய்வுநெறிக் குழுவிடம் முன்கூட்டியே வாய்மொழிச் சம்மதத்துக்கு அனுமதி வாங்கிவிடுங்கள், தகவல் தாளைப் பேச்சுத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நன்றிப் பரிசாகப் பேரங்காடிப் பற்றுச்சீட்டைவிட கைத்தொலைபேசி டாப்அப் பயன்படும்.

‘உங்களைத் தவறாகக் காட்டுகிறார்களா?’ என்று கேட்காதீர்கள். ‘பரவால்லண்ணே’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். ஒரு செய்தியை வாசித்துக் காட்டி, ‘இதுல யாரு பேசுறாங்க? நீங்க இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க தம்பி?’ என்று கேளுங்கள். படத்தைக் காட்டினால் இன்னும் நல்லது. வேலிக்குப் பின்னாலிருந்து எடுத்த படமா, முகம் தெரிகிறதா, யார் அந்தக் கோணத்தில் நின்றிருப்பார் என்று அவர்களே பிரித்துவிடுவார்கள். ஊழியர்களே எழுதுவதையும் சேர்த்துப் பாருங்கள். 2006 முதல் வங்காளிகளுக்காக இங்கே வந்த பங்லார் கண்டா மாத இதழையும், 2014ல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியையும் நாளிதழ்ச் செய்திக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஆளை இரு இடத்திலும் எப்படி வேறாகச் சொல்கிறார்கள் என்பது தெரியும்.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறையும் என்று நினைக்க வேண்டாம். மாவட்டம், விடுதி, தொழில் மூன்றையும் சேர்த்து எழுதினால் அந்த விடுதியில் ஆள் யார் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். மூன்றில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். ஒலிப்பதிவுக் கோப்பின் பெயரில் தொலைபேசி எண் இருக்கக் கூடாது. பொய்ச்செய்திக்கு எதிரான சட்டம் 2019 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ளதால், எண்ணிக் கண்டதையும் அதற்கு நீங்கள் சொல்லும் பொருளையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் பக்கத்தின் படம் கோப்பில் இருக்கட்டும். 30க்குக் குறைந்த செய்திகளுக்கு விழுக்காடு போடாதீர்கள், ‘22ல் 3’ என்றே எழுதுங்கள்.

முடிவை நாளிதழ் ஆசிரியரிடம் கொண்டுபோனால் ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. ‘அடுத்த விடுதிச் செய்தியில் ஊழியர் ஒருவரின் கூற்று மூன்றாம் பத்திக்குள் வரட்டும்’ என்பது செய்யக்கூடியது. ‘சமூக நீதியோடு எழுதுங்கள்’ என்பதை வைத்துக்கொண்டு மாலை ஏழு மணிக்குச் செய்தியாளர் எதுவும் செய்ய முடியாது. அவருக்கும் ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தவர் பெயர் தருவதில்லை, பக்கமும் குறைவு.

ஊழியர்களிடம் திரும்பும்போது பிடிஎஃப் வேண்டாம். வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் செய்தி, எண்கள் மூன்றுக்குமேல் இல்லாமல். அனுப்புவது ஞாயிறாக இருக்கட்டும். பதிலாக அவர்களும் குரல் செய்தி அனுப்புவார்கள், சில சமயம் ஆய்வில் சொன்னதைவிடச் சூடாக. அதை ஆய்வில் சேர்க்க வேண்டுமானால் முன்பு வாங்கிய சம்மதம் செல்லாது, புதிதாகக் கேட்க வேண்டும்.